கரி போட்டுக் கருமண் செய்யலாமா? திருகோணமலைத் தோட்டக்காரர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

தம்பலகாமத்தில் எனக்கு ஒரு சிறிய மேட்டுத் தோட்டம் இருக்கிறது. மனைவியின் வீடு நிலாவெளியில், கடற்கரை மணலில். இரண்டு இடத்திலும் சில வருடங்களாகக் கரியும் எருவும் கலந்து மண் செய்து பார்க்கிறேன். கோயில் வாசலில், அரிசி ஆலையில், கமநல சேவை நிலைய வரிசையில் என்று எங்கே கண்டாலும் ஆட்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வழியில் நின்று பாதியும் குறையுமாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர் கேட்ட மாதிரியே கேள்வியை வைத்து இங்கே எழுதிவிட்டேன்.

கருமண், கருமண் என்கிறீர்களே, அது என்ன சாமான்?

தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் இருக்கும் ஒரு மண். போர்த்துக்கேய மொழியில் 'டெரா பிரேட்டா' என்பார்கள். கறுப்பு மண் என்றுதான் பொருள். அமேசான் காடு பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தாலும் அடியில் இருப்பது ஏழை மண். ஓயாத மழையில் சத்தெல்லாம் கழுவிப் போய், புளிப்பேறிய செம்மஞ்சள் மண்தான் மிஞ்சியிருக்கும். அதற்கு நடுவே, ஆற்றங்கரை மேடுகளில் திட்டுத் திட்டாகக் கறுத்த மண் கிடக்கிறது. சில இடங்களில் இரண்டு மீற்றர் ஆழம் வரை போகும்.

அதைத் தோண்டினால் கரித்துண்டு, மீன் முள், விலங்கெலும்பு, உடைந்த மட்பாண்டம் எல்லாம் வருகின்றன. பக்கத்து மண்ணில் இருப்பதைவிட 70 மடங்கு வரை கரி இருப்பதாக அளந்திருக்கிறார்கள். பொஸ்பரசும் கல்சியமும்கூட அதிகம். அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் 2,000 வருடங்களுக்கு முன்பிருந்தே தங்கள் குடியிருப்பைச் சுற்றி உண்டாக்கிய மண் அது. அவர்கள் போய் நூற்றாண்டுகள் ஆகியும் இன்றைக்கும் அதில் பயிர் செய்கிறார்கள்.

மனிசர் செய்ததென்று எப்படிச் சொல்வது? ஆற்று வண்டலாக இருக்கக் கூடாதோ?

முதலில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். எரிமலைச் சாம்பல் என்றும் பழைய ஏரியின் அடிமண் என்றும்கூடச் சொன்னார்கள். 1870களில் நிலவியலாளர் சார்ல்ஸ் ஹார்ட் போன்றவர்கள் இந்த மண்ணைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். 1966இல் நெதர்லாந்து மண் ஆய்வாளர் விம் சொம்புறூக் விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் நின்று கவனித்தது. மட்பாண்டமும் எலும்பும் அவ்வளவு கலந்து கிடக்கும் மண்ணை ஆறு கொண்டுவந்து போட்டிருக்க முடியாது.

இன்னொரு கதையும் இதோடு சேர்ந்தது. 1541-42இல் ஒரெலானா என்ற ஸ்பானியர் அமேசான் ஆற்றில் கடல் வரை போனார். கூடப் போன பாதிரியார் கர்வஹால், கரையெங்கும் பெரிய ஊர்கள் இருந்ததாக எழுதிவைத்தார். பின்னால் போனவர்கள் காட்டைத்தான் கண்டார்கள். பாதிரியார் புளுகுகிறார் என்று தள்ளிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த நோய்கள் அந்த ஊர்களைக் காலி செய்திருந்தன. ஊர் போன இடத்தில் கறுத்த மண் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

வேணுமென்று செய்தார்களா, குப்பை கொட்டினது தானாக மண்ணானதா?

இரண்டும்தான். பிரேசிலில் சிங்கு ஆற்றுப் பக்கம் இருக்கும் குயிக்குரோ மக்கள் இன்றைக்கும் இந்த மண்ணைச் செய்கிறார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வு அவர்களோடு சேர்ந்தே நடந்தது. வீட்டுக் குப்பை மேட்டில் சாம்பல், கரி, மீன் கழிவு, மரவள்ளிக் கழிவு எல்லாம் போட்டு உக்கவிட்டு, மண் கறுத்ததும் அதில் பயிர் வைக்கிறார்கள். அந்த மண்ணுக்கு அவர்கள் மொழியில் 'ஈகெபே' என்று பெயர். பக்கத்துப் பழைய குடியிருப்புகளின் மண்ணும் அதே மாதிரி இருந்தது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், நம் கொல்லையில் நிற்கும் மரவள்ளியும் அந்தப் பக்கத்துப் பயிர் என்பது. கிழங்கு இங்கே வந்து சேர்ந்தது, அதை வளர்த்த மண்ணின் கைப்பக்குவம் வரவில்லை.

எங்கட ஆக்களிட்ட இல்லாத அறிவா? ஏன் அமேசானுக்குப் போவான்?

நல்ல கேள்வி. நம்மிடம் நிறைய இருக்கிறது. குழை தாழ்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: பூவரசு, வாகை, எருக்கலை, வேம்பு என்று பச்சைக் குழையை வெட்டித் தோட்டத்தில் புதைப்பார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் மாட்டுப் பட்டி அடைத்து, இரவு முழுக்கச் சாணமும் சலமும் அங்கேயே விழவிடுவார்கள். கோடையில் குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி மேட்டு நிலத்தில் பரப்புவார்கள். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று நம் ஊர்க் கதை சொல்கிறது, அரசன் இரண்டாம் அக்கிரபோதி கட்டினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. யார் கட்டினாலும் சரி, தண்ணீரோடு வண்டலும் சேர்ந்துதான் தம்பலகாமத்து வயலை வளர்த்தது. (இப்போது குளத்தில் மண் எடுக்க அனுமதி வேண்டும். சிறு குளம் என்றால் முதலில் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.)

இவை எல்லாமே நல்ல முறைகள். ஆனால் நம் வெயிலில் குழையும் எருவும் ஒன்றிரண்டு போகத்துக்குள் உக்கித் தீர்ந்துவிடும். வருடா வருடம் திரும்பப் போட வேண்டும். கரி அப்படி உக்காது, நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். பழைய முறைகளோடு அந்த ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

சேனை எரிக்கிறதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. சேனைப் பயிருக்குக் காட்டை வெட்டி எரிக்கும்போது காற்று நன்றாகக் கிடைத்து நெருப்பு திறந்தபடி எரிகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் சாம்பல்; முதல் மாரியில் கரைந்து ஓடிவிடும். இரண்டு மூன்று போகத்தில் நிலம் களைத்துப்போய், அடுத்த துண்டுக்குப் போக வேண்டிவருவது அதனால்தான். கருமண்ணுக்கு வேண்டியது, காற்றுக் குறைவாகக் கிடைத்துக் கருகிய மரம்.

அப்போ அடுப்புச் சாம்பல் கூடாதா?

கூடாது என்று இல்லை. சாம்பலில் பொட்டாசியமும் கல்சியமும் இருக்கிறது, ஆனால் அது கரி இல்லை. விறகடுப்பு வைத்திருப்பவர்கள் சாம்பலை அரித்தெடுத்தால் கரித்துண்டு தனியாக வரும். அதைச் சேர்த்து வையுங்கள், காசில்லாமல் கிடைக்கும் கரி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பலைப் பச்சைச் சாணத்தோடோ யூரியாவோடோ நேரே கலக்காதீர்கள். கலந்த உடனே மூக்கைத் துளைக்கும் ஒரு மணம் வரும். அது நைதரசன் அமோனியாவாகப் பறந்து போகிற மணம்.

கரி நல்ல பசளை என்கிறார்கள். ஒரு சாக்கு வாங்கி நேரே பாத்தியில் கொட்டினால் என்ன?

நான் அப்படித்தான் கொட்டினேன். முதல் வருடம் மிளகாய்ப் பாத்தியில் நான்கு சாக்கு உமிக்கரியைப் போட்டுக் கொத்திவிட்டேன். மூன்று கிழமையில் கன்றெல்லாம் மஞ்சளடித்து நின்றன. பக்கத்தில் கரி போடாத பாத்தி கரும்பச்சையாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. மாமா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, மிளகாய்க்குக் கரி பூசினாயா, மஞ்சள் பூசினாயா?" என்று கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். கரி பசளை இல்லை. அதில் நைதரசன் இல்லை என்றே சொல்லலாம். அது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த ஒரு பொருள். வெறுங்கரியை மண்ணில் போட்டால், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தை முதலில் தான் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். அதனால் கரிக்கு முதலில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் மண்ணுக்குள் விட வேண்டும். அமேசான் மக்கள் அதற்கென்று தனி வேலை செய்யவில்லை. அவர்களுடைய கரி மீன் முள்ளோடும் எச்சில் குப்பையோடும் ஒரே மேட்டில் கிடந்து தானாக நிறைந்தது.

எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது?

சிரட்டை, கிளிசரியாக் கம்பு, தோட்டத்தில் கவ்வாத்துப் பண்ணிய கிளை, சோளத் தண்டு, கச்சான் கோது, உமி எல்லாம் நல்லது. காய்ந்திருக்க வேண்டும், மணிக்கட்டை விடத் தடிப்பாக இருக்கக் கூடாது. பொச்சும் தென்னை மட்டையும் சுடலாம். ஆனால் அவற்றில் உப்புச்சத்துக் கூட, மணல் தோட்டத்துக்கு அளவோடு போடுங்கள்.

கடலில் அடித்து வந்த கட்டை வேண்டாம், உப்பு ஊறியது. பழைய வள்ளத்துப் பலகை வேண்டவே வேண்டாம். பெயின்ற், ஃபைபர், தார் எல்லாம் ஊறியிருக்கும். பிளாஸ்டிக் ஒரு துண்டும் உள்ளே போகக் கூடாது. கண்டல் மரத்தில் கைவைக்காதீர்கள், சட்டம் பாதுகாக்கும் மரம் அது. கரிக்காகக் காட்டு மரத்தை வெட்டுவதும் அப்படித்தான். மண்ணைத் திருத்துகிறேன் என்று காட்டை அழித்தால் அதில் என்ன நியாயம்?

சூளை கட்ட வேணுமா? செலவு எவ்வளவு?

சூளை வேண்டாம். மண்வெட்டியும் தண்ணீரும் போதும். மேல்வாய் நான்கைந்து அடி அகலம், ஆழம் இரண்டரை அடி. பக்கங்கள் சரிந்து, சட்டி மாதிரி ஒரு கிடங்கு வெட்டுங்கள். அடியில் சிறு சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலிருந்து கொளுத்துங்கள். தணல் பிடித்து, அதன் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு விறகை மெல்லியதாகப் போடுங்கள். அது எரிந்து பூத்ததும் அடுத்தது. மேலே எரியும் சுவாலை காற்றை எடுத்துக்கொள்வதால் கீழே இருக்கும் தணலுக்குக் காற்றுக் கிடைக்காது. அது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். புகையும் அந்தச் சுவாலையில் எரிந்துவிடும். புகை அதிகமாக வந்தால் விறகு ஈரம், அல்லது அவசரப்பட்டு நிறையப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கிடங்கு நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். இதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வாளித் தண்ணீர் காணாது. ஒரு பெரல் நிரப்பி வைத்துக்கொண்டு, கிளறிக் கிளறிச் சீறும் சத்தம் நிற்கும்வரை ஊற்றுங்கள். அணைந்தது என்று சாக்கில் கட்டி வைத்த கரி, இரவில் திரும்பப் பற்றிக்கொண்ட கதைகள் உண்டு. ஒரு நாள் பரப்பிவிட்டு, கைவைத்துச் சூடில்லை என்று பார்த்த பிறகே கட்டுங்கள். பிள்ளைகளைக் கிடங்குப் பக்கம் விடாதீர்கள்.

நல்ல கரியா என்று பார்க்க ஒரு வழி: விரலால் நசுக்கித் தேயுங்கள். வெறும் தண்ணீரில் கை சுத்தமாகக் கழுவப்பட்டால் நல்ல கரி. சவர்க்காரம் போட்டால்தான் போகும் என்கிற மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சரியாகக் கருகவில்லை. 100 கிலோ காய்ந்த விறகுக்கு 20 கிலோ கரி கிடைத்தால் நன்றாகச் சுட்டிருக்கிறீர்கள்.

உமியைக் கிடங்கில் போட்டால் புகைந்து சாகுது. என்ன செய்வது?

உமி நெருங்கிப் படிந்துவிடும், அதனால் மேலே சொன்ன கிடங்கு முறை சரிவராது. ஒரு தகர டின்னில் சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, மேலே ஒரு குழாயைப் புகைபோக்கியாக நிறுத்துங்கள். டின்னுக்குள் சிறு நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி உமியைக் கும்பமாகக் குவியுங்கள். உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வரும். கறுப்பு வெளியே தெரிந்த இடத்தில் வெளி உமியை இழுத்து மூட வேண்டும். முழுக்கக் கறுத்ததும் உடனே பரப்பித் தண்ணீர் தெளித்து அணையுங்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கப் போய்வந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதனால் உமிக்கரி சிரட்டைக்கரி போல வலுவானது இல்லை. ஆனால் நெற்பயிருக்குச் சிலிக்கா நல்லது. நாற்றுச் சாடிக்கும் உமிக்கரிதான் எனக்குப் பிடித்தது.

கரிக்குச் சத்து ஏற்றுகிறது எப்படி?

கரியைச் சாக்கில் போட்டு உலக்கையால் அடித்து, நெல்மணி முதல் கடலை அளவுக்கு நொறுக்குங்கள். ஈரமாக்கிவிட்டு அடியுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஒரு கடகம் கரிக்கு இரண்டு மூன்று கடகம் மாட்டெருவோ கோழி எருவோ கூட்டெருவோ சேர்த்துக் குவித்து, மாட்டுச் சலம் கிடைத்தால் தண்ணீர் கலந்து தெளியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக வர வேண்டும், விரல் பட்டால் உடைய வேண்டும். அந்த அளவு ஈரம் போதும். ஓலையால் மூடி, கிழமைக்கு ஒருமுறை புரட்டி, குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். இரண்டு மாதம் விட்டால் இன்னும் நல்லது.

புதிதாகக் கூட்டெரு போடுகிறவர்கள் குவியலைத் தொடங்கும்போதே பத்தில் ஒரு பங்கு கரி சேர்த்துவிடலாம். தனியாகச் சத்து ஏற்றும் வேலை மிச்சம். கோழி எரு நாற்றமும் குறையும்.

மீன் கழிவு சேர்க்கலாமா? நாய், காகம் எல்லாம் வருமே?

கட்டாயம் சேருங்கள். அமேசான் மண்ணின் பொஸ்பரசும் கல்சியமும் பெரும்பாலும் மீன் முள்ளிலும் எலும்பிலும் இருந்து வந்தவை. திருகோணமலையில் இருந்துகொண்டு மீன் தலையையும் செதிலையும் பையில் கட்டி எறிவது எனக்குச் சகிக்காத விஷயம். குவியலின் நடுவயிற்றில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே கரித்தூளும் மண்ணும் தடிப்பாகப் போடுங்கள். கரி மணத்தை அமுக்கும். நாய்க்கு மேலே இரண்டு முள்ளுக் கிளை. கருவாட்டுக் கழிவு என்றால் உப்பை ஊறவைத்துக் கழுவிய பிறகே போட வேண்டும்.

என்னிடம் ஒரு ஏக்கர் இருக்கு. எவ்வளவு கரி வேணும்?

சோதனைகளில் வழக்கமாகப் போடும் அளவுகளில் ஒன்று சதுர மீற்றருக்கு ஒரு கிலோ. ஒரு பேர்ச்சுக்கு 25 கிலோ, ஏக்கருக்கு 4 தொன். இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் ஒரு ஏக்கர் வயல் வருடத்துக்கு 2,000 கிலோ நெல் தந்தால் உமி 400 கிலோ. அதைச் சுட்டால் கரி சுமார் 120 கிலோ. ஏக்கர் முழுக்க நிரப்ப முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். இதைச் சொன்னால் பலர் முகம் வாடிவிடுகிறது.

அதனால் ஏக்கரை மறந்துவிட்டு, வேர் நிற்கும் இடத்தில் போடுங்கள். மிளகாய், கத்தரி நடும் குழிக்குச் சத்து ஏற்றிய கலவை இரண்டு கைப்பிடி. வாழை, தேசி நடும் கிடங்குக்கு ஒரு வாளி. நாற்றுச் சாடியில் பத்தில் ஒரு பங்கு. வீட்டுத் தோட்டம் என்றால் வருடம் ஒரு பாத்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை என்று முன்னால் சொன்னேனே, இந்த வருடம் போட்டது அப்படியே இருக்கும், அடுத்த வருடம் பக்கத்துப் பாத்திக்குப் போகலாம்.

எங்கட மண்ணுக்குச் சரிவருமோ?

திருகோணமலையில் 'எங்கட மண்' என்று ஒன்று இல்லை. நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலுக்குத்தான் பலன் அதிகம். காலையில் ஊற்றிய தண்ணீரும் பசளையும் மத்தியானத்துக்குள் கீழே இறங்கிவிடும் மண் அது. அங்கே கரி இரண்டையும் பிடித்துவைக்கும். மனைவி வீட்டில் கரிப் பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டால் போதுமாக இருக்கிறது. ஆனால் மணலில் சிப்பித் துண்டு நிறைய இருந்தால் கவனம். கொஞ்ச மண்ணில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் அது ஏற்கெனவே காரமான மண். கரியும் காரம்தான். அங்கே சாம்பலே வேண்டாம், கரியைக் குறைத்து எருவைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் இரும்புச்சத்தும் நாகச்சத்தும் (சிங்க்) கிடைக்காமல் இளம் இலை வெளிறும்.

கந்தளாய், தம்பலகாமப் பக்கத்துச் செம்மண் மேடு காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் இறங்காது. கரியும் எருவும் சேர்ந்தால் கொஞ்சம் இளகும், பலன் நடுத்தரம். மூதூர், வெருகல் பக்கத்து மகாவலி வண்டல் களிக்கு இந்தப் பாடு தேவையே இல்லை என்பேன். அந்த நிலம் ஏற்கெனவே சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அங்கே வடிகாலைப் பாருங்கள்.

உவர் ஏறின நிலத்துக்கு இது மருந்தாமே?

இல்லை. கரி உப்பைத் தின்னாது. உவர் நிலத்துக்கு வாய்க்கால் வெட்டி, வரம்பு கட்டி, மாரி மழையில் உப்பைக் கழுவி வெளியே விட வேண்டும். சில நிலத்துக்கு ஜிப்சமும் வேண்டிவரும். விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைக் காட்டிக் கேளுங்கள். அதற்குப் பிறகு கரி கலந்த எரு பயிர் எழும்ப உதவும்.

வயலில் போடலாமா?

போடலாம். ஆனால் தண்ணீர் கட்டிய வயலில் காய்ந்த கரியை வீசினால் அது மிதந்து போய் அடுத்தவர் வயலில் சேரும். புண்ணியம்தான், ஆனால் நீங்கள் நினைத்தது அது இல்லையே! நன்றாக ஊறிய, எரு கலந்த உமிக்கரியை முதல் உழவுக்கு முன் பரப்பி மண்ணுக்குள் மடித்துவிடுங்கள். கிடைக்கும் கரி கொஞ்சம் என்றால் வயலைவிட நாற்று மேடைக்கும் மரக்கறிக்கும் கொடுப்பதே லாபம்.

இதைப் போட்டால் யூரியாவை விட்டுவிடலாமா?

2021ஐ மறந்துவிட்டீர்களா? அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பத் திறந்தார்கள், அதற்குள் பெரும்போகம் படுத்துவிட்டது. அந்த நேரம் எனக்கும் ஒருவர் 'சேதனப் பசளை' என்று ஐந்து சாக்கு விற்றார். மூன்று சாக்கில் பாதி மணல். சேதனப் பசளையில் எனக்குக் கோபம் இல்லை. மண்ணைத் தயார் பண்ணாமல் ஒரே இரவில் மாற்றச் சொன்னதில்தான் கோபம்.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். கரியில் இல்லை என்று மேலேயே பார்த்தோம். கரி செய்வது, போட்ட பசளை வீணாகக் கீழே இறங்காமல் பிடித்து வைப்பது. மணல் தோட்டத்தில் நான் போகத்துக்குப் போகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது முன்பு போட்டதில் பாதிதான் போடுகிறேன். செம்மண்ணில் அவ்வளவு குறைக்க முடியவில்லை. ஒரு பாத்தியில் குறைத்துப் பார்த்து, பயிர் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.

விளைச்சல் இரட்டிப்பாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

உலகெங்கும் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. வெப்பமண்டல நாடுகளில் சராசரியாக 25 வீதம் கூடியது. குளிர் நாடுகளில் ஒன்றும் கூடவில்லை. ஏன் என்றால் வெப்பமண்டலத்து மண் பெரும்பாலும் புளிப்பானது, சத்துக் குறைந்தது. கரி அந்தப் புளிப்பை எடுக்கிறது. நம் மாவட்டத்துச் செம்மண் அவ்வளவு புளிப்பு இல்லை. அதனால் 25ஐக்கூட மனதில் வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

மட்பாண்டத் துண்டும் போட வேணுமா? அதுதான் இரகசியம் என்றார்களே.

அவர்கள் சட்டி உடைந்தது, குப்பையில் போட்டார்கள். கூரை ஓட்டை உடைத்துப் போட்டுக் கஷ்டப்படாதீர்கள்.

கடையில் 'கருமண்' என்று சாக்கில் விற்கிறார்கள். நல்லதா என்று எப்படித் தெரியும்?

கறுப்பாக இருப்பது ஒன்றும் அத்தாட்சி இல்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இருக்கும், எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். பிறகு இரண்டு சாடி எடுத்து, ஒன்றில் அந்த மண், மற்றதில் உங்கள் வீட்டு மண். இரண்டிலும் பத்துப் பத்துக் கீரை விதை போடுங்கள். பத்து நாளில் எது முளைத்து எது வெளிறுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம். விற்பவர் ஒரு பிடி தர மறுத்தால் அதுவே பதில்.

கரி புதைத்தால் வெளிநாட்டுக் கார்பன் காசு வருமாமே?

கார்பனைக் காற்றில் கலக்கவிடாமல் மண்ணில் வைத்திருப்பதற்குத் தரும் காசு அது. அளந்து, எடைபோட்டு, ஆய்வுகூடத்தில் காட்டி, கணக்கு வைத்திருக்கும் பெரிய உற்பத்திக்கு. கொல்லைக் கிடங்குக்கு வராது. அதற்கென்று பதிவுக் காசு கேட்டு யாரும் வந்தால் படலையைச் சாத்துங்கள்.

எந்த மாதம் தொடங்கலாம்?

பெரும்போக அறுவடை முடிந்து உமி மலிந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில் சுடத் தொடங்கலாம். ஆனியிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிடும் (கொறிக்கிற கச்சான் இல்லை, ஆளைக் காய்ச்சுகிற காற்று). அந்த நாளில் பகலில் நெருப்பு மூட்டவே கூடாது. சுட வேண்டியிருந்தால் விடியப்புறம் காற்று எழும்ப முன் முடித்துவிடுங்கள், பக்கத்து வீட்டில் துணி காயப்போட முன்பும். ஆடி, ஆவணியில் எருவோடு குவித்துச் சத்து ஏற்றி, புரட்டாசிக் கடைசியில் பாத்தியில் போட்டால் மாரிப் பயிருக்குச் சரியாக இருக்கும்.

எங்கட ஊரில ஒரு பழைய மேடு இருக்கு. ஓட்டுத்துண்டும் கறுத்த மண்ணுமாகக் கிடக்குது. அள்ளிக்கொண்டு வந்து தோட்டத்தில் போடலாமா?

அள்ளாதீர்கள். ஆசை எனக்கும் புரிகிறது. அந்த மாதிரி மேட்டில் யாரும் போடாமலே பூசணி முளைத்துப் படர்ந்து காய்ப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து, சமைத்து, சாம்பலும் முள்ளும் கொட்டிய இடம் அப்படித்தான் இருக்கும். ஆனால் பழைய குடியிருப்பு இடத்தை அனுமதியில்லாமல் தோண்டுவது தொல்பொருள் சட்டப்படி குற்றம். அள்ளினால் அங்கே யார் எப்போது இருந்தார்கள் என்ற தடயமும் சேர்ந்து போய்விடும்.

அந்த மண்ணில் இருப்பது எல்லாம் உங்கள் குசினியிலும் இருக்கிறது. கொல்லை மூலையில் கிடங்கு ஒன்றைத் தொடங்கி, இன்றைய மீன் செதிலையும் அடுப்புக் கரியையும் அதில் போடுங்கள்.